மரபணு மாற்றிய பீர் ஈஸ்ட்: எதை மாற்றுகிறார்கள், எதற்காக?

‘பீரில் மரபணு மாற்றிய கிருமியைப் போடுகிறார்களாம், குடிப்பவர் உடம்பிலும் மரபணு மாறிவிடுமாம்’ என்கிற மாதிரி ஒரு செய்தி புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் வந்து விழுந்தால், சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில் அது பாசாருக்கும் காப்பிக்கடைக்கும் போய்ச் சேர அரை நாள்கூட ஆகாது. போகிற வழியில் இன்னும் இரண்டு ஒட்டிக்கொள்ளும். ‘அதனால்தான் இப்போது பீர் சீக்கிரம் ஏறுகிறது’ என்பது ஒன்று. ‘சம்சு (மலிவுச் சாராயம்) குடித்துச் செத்தவர்கள் கதையும் இதுதான்’ என்பது மற்றொன்று.

மூன்றும் வெவ்வேறு விஷயங்கள். முதலாவதில் பாதி உண்மை, மீதி கற்பனை. இரண்டாவது தவறு. மூன்றாவது ஆளைக் கொல்லக்கூடிய தவறு. இவற்றைப் பிரித்துப் பார்க்க, ஈஸ்ட் என்ன வேலை செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

## ஈஸ்ட் செய்யும் வேலை

ஈஸ்ட் ஒற்றைச் செல் பூஞ்சை. கண்ணுக்குத் தெரியாது, நூறு செல்களை வரிசையாக வைத்தாலும் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டாது. சர்க்கரையைத் தின்று எத்தனாலையும் கரியமில வாயுவையும் வெளியே விடுகிறது. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறுக்கு இரண்டு எத்தனால், இரண்டு கரியமில வாயு என்பது கணக்கு. ரொட்டி உப்புவது அந்த வாயுவால், பீரில் போதை வருவது அந்த எத்தனாலால். இரண்டு வேலையையும் செய்கிற இனத்தின் பெயர் சாக்கரோமைசிஸ் செரிவிசியே.

தோட்டத்துக் கள்ளுக்கடைக் கள்ளிலும் பெரும்பாலும் இதே இனம்தான் வேலை செய்தது. யாரும் அதைப் போடவில்லை. பாளையிலிருந்தும், மொய்க்கும் பூச்சியிலிருந்தும், முந்தைய நாள் பானையில் ஒட்டியிருந்ததிலிருந்தும் தானாக வந்து சேர்ந்தது. கூடவே சைமோமோனஸ் என்ற பாக்டீரியா, லாக்டிக் அமிலம் உண்டாக்கும் பாக்டீரியா என்று ஒரு கூட்டமே வரும். காலையில் இறக்கிய கள் இனிப்பாகவும், சாயங்காலம் காரமாகவும், மறுநாள் புளிப்பாகவும் இருப்பது அதனால்தான். கள் குடிப்பவருக்கு அந்த மாற்றம் பழக்கம். பீர் ஆலைக்கு அது கட்டுப்படியாகாது. ஷா ஆலாமில் இன்று நிரப்பும் டின்னும் ஆறு மாதம் கழித்து நிரப்பும் டின்னும் ஒரே சுவையில் இருந்தாக வேண்டும்.

ஆலையில் நடப்பது சுருக்கமாக இதுதான். வாற்கோதுமையை முளைக்கவிட்டுக் காயவைக்கிறார்கள், அதுதான் மால்ட். அதை இடித்து, ஏறத்தாழ 65 டிகிரி வெந்நீரில் ஊறவைத்தால் தானியத்திலேயே இருக்கும் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும். வடிகட்டிய இனிப்பு நீரில், கசப்பும் வாசனையும் தரும் ஹாப் பூவைப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, ஈஸ்டைச் சேர்க்கிறார்கள். ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு கோடி செல் என்ற அளவில் அது போகும்.

சர்க்கரையை எத்தனாலாக்குவதைப் பல ஈஸ்டுகள் செய்துவிடும். சிக்கல் அதோடு சேர்ந்து வருகிற வாசனைகளில்தான். வாழைப்பழ வாசனை, கிராம்பு வாசனை, வெண்ணெய் வாடை, அழுகிய முட்டை வாடை எல்லாமே ஈஸ்ட் விடுபவை. எது எவ்வளவு வர வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்துவதில்தான் பீர் தயாரிப்பவரின் தொழிலே அடங்கியிருக்கிறது. மரபணு மாற்றும் ஆய்வுகளில் பெரும்பகுதியும் இந்த வாசனைகளைச் சுற்றியே நடக்கிறது.

## ‘மாற்றுவது’ என்பதில் நான்கு வழிகள்

செய்திகளில் எல்லாம் ஒரே சொல்லுக்குள் அடைபட்டுவிடுவதால் குழப்பம் வருகிறது. ஈஸ்டை மாற்ற நான்கு வழிகள் உண்டு.

1. தேர்ந்தெடுத்தல். நல்ல பீர் வந்த தொட்டியின் அடியில் தங்கிய ஈஸ்டை எடுத்து அடுத்த தொட்டியில் போடுவது. தோசை மாவில் ஒரு கரண்டி பழைய மாவைக் கலப்பது போன்ற வேலைதான். ஆனால் நூற்றாண்டுக்கணக்கில் இதைச் செய்தால் ஈஸ்டின் மரபணுத் தொகுதியே மாறிவிடுகிறது. 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வு 157 ஈஸ்ட் வகைகளின் மரபணுக்களை வாசித்துப் பார்த்தது. பீர் ஈஸ்டுகளில் பல கிராம்பு வாசனை உண்டாக்கும் மரபணுக்களை இழந்திருந்தன, இனப்பெருக்க வித்துகளை உண்டாக்கும் திறனும் குன்றியிருந்தது. மாட்டையும் நாயையும் போல இதுவும் வீட்டுக்குப் பழகிய உயிர்.

2. கலப்பு. இரண்டு வகைகளைச் சேரவிட்டு மூன்றாவதை எடுப்பது. நாம் குடிக்கும், குளிரில் புளிக்கவைக்கும் லாகர் பீரின் ஈஸ்டே கலப்பினம்தான். செரிவிசியேவுக்குக் குளிர் ஆகாது. குளிரைத் தாங்கும் இன்னோர் இனத்தோடு ஐரோப்பாவில் சில நூற்றாண்டுகளுக்கு முன் அது தானாகவே கலந்தது. அந்த இன்னோர் இனம் எது என்பது நெடுங்காலம் புதிராக இருந்தது. 2011இல்தான் தென் அமெரிக்காவின் பட்டகோனியாக் காட்டு மரங்களில் அதைக் கண்டுபிடித்து யூபயானஸ் என்று பெயரிட்டார்கள். பிறகு திபெத்திலும் கிடைத்தது.

3. திடீர்மாற்றம். புறஊதாக் கதிரையோ ரசாயனத்தையோ செலுத்தி மரபணுவைக் கண்டபடி குலைத்து, தப்பிப் பிழைத்தவற்றில் உருப்படியானதைப் பொறுக்குவது. எந்த இடத்தில் என்ன மாறியது என்று செய்தவருக்கே முழுதாகத் தெரியாது.

4. மரபணுப் பொறியியல். வேறோர் உயிரின் மரபணுவைக் கொண்டுவந்து செருகுவது, அல்லது ஈஸ்டின் சொந்த மரபணுவையே குறிபார்த்து வெட்டுவது, திருத்துவது.

மலேசியச் சட்டம் உட்பட உலகின் பெரும்பாலான சட்டங்கள் நான்காவதைத்தான் ‘மரபணு மாற்றம்’ என்று கணக்கில் எடுக்கின்றன. மூன்றாவது வழியில் ஈஸ்டுக்குள் எத்தனை இடங்களில் மரபணுவின் எழுத்து மாறினாலும் கேள்வி இல்லை. நான்காவதில் ஒரே ஓர் எழுத்தை மாற்றினாலும் பல நாடுகளில் கோப்பு திறக்கும். இது கொஞ்சம் விசித்திரமான கோடுதான். ஆனாலும் புதிதாக வருவதை ஒருமுறை நிறுத்தி விசாரிப்பதில் நியாயம் இருக்கிறது.

## முன்பு ஏன் முடியவில்லை, இப்போது ஏன் முடிகிறது

ஈஸ்டின் மரபணுத் தொகுதி முழுவதும் 1996லேயே வாசிக்கப்பட்டது. 16 குரோமோசோம், ஏறத்தாழ 6,000 மரபணு. பூஞ்சை, தாவரம், விலங்கு எல்லாம் சேர்ந்த பெருங்குடும்பத்தில் முதலில் வாசித்து முடிக்கப்பட்டது இதுதான். ஆனால் அது ஆய்வுக்கூட ஈஸ்ட். பீர் ஆலை ஈஸ்டில் ஒவ்வொரு குரோமோசோமும் மூன்று, நான்கு பிரதிகளாகக் கிடக்கும். ஒரு மரபணுவை நிறுத்த வேண்டும் என்றால் எல்லாப் பிரதிகளிலும் நிறுத்தியாக வேண்டும். ஒன்று தப்பினாலும் பழைய வாடை திரும்ப வரும். அந்தக் காலத்து முறையில் ஒவ்வொரு பிரதிக்கும் தனித்தனியாக மெனக்கெட வேண்டும். எந்தச் செல் மாறியது என்று கண்டுபிடிக்க, மருந்து போட்டாலும் செல்லைச் சாகவிடாத அடையாள மரபணு ஒன்றையும் கூடவே செருக வேண்டியிருந்தது. உணவில் அப்படியொரு மரபணு இருப்பதை யாரும் விரும்பமாட்டார்கள்.

2012இல் ஜெனிஃபர் டவுட்னாவும் இம்மானுவேல் ஷார்பென்ட்டியேவும் விளக்கிய கிரிஸ்பர் முறை (2020இல் வேதியியல் நோபல் பெற்றது இதற்குத்தான்) இந்த முட்டுக்கட்டையை எடுத்துவிட்டது. குறித்த இடத்தை எல்லாப் பிரதிகளிலும் ஒரே நேரத்தில் வெட்டலாம். அடையாள மரபணு எதுவும் மிஞ்சாமல் பார்த்துக்கொள்ளலாம். சிறிய நிறுவனங்களும் பீர் ஈஸ்டில் கை வைக்கத் துணிந்தது இதற்குப் பிறகுதான்.

## வெண்ணெய் வாடை: எல்லாவற்றுக்கும் மூலக் காரணம்

பீர் ஆலையில் ஈஸ்டை மாற்றத் தூண்டும் காரணங்களில் பெரியது டையசெட்டைல் என்ற பொருள். பாப்கார்னில் வரும் வெண்ணெய் வாசனை இதனுடையது. லாகர் பீரில் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் இருந்தாலே நாக்குக் கண்டுபிடித்துவிடும். அது எப்படி வருகிறது என்று பார்த்தால், எங்கே கை வைக்கிறார்கள் என்பது புரியும்.

1. ஈஸ்ட் வளர வாலின் என்ற அமினோ அமிலம் தேவை. அதைத் தனக்குள் தயாரிக்கும்போது நடுவில் அசிட்டோலாக்டேட் என்ற பொருள் உண்டாகிறது.
2. அதில் கொஞ்சம் செல்லுக்கு வெளியே கசிகிறது.
3. வெளியே வந்தது, எந்த உயிரின் உதவியும் இல்லாமல், தானாகவே மெதுவாக டையசெட்டைலாக மாறுகிறது.
4. அந்த டையசெட்டைலை ஈஸ்ட் மறுபடி உள்ளே இழுத்து, வாசனை இல்லாத பொருளாக மாற்றிவிடுகிறது.

நான்காவது படி வேகமாக நடக்கும். மூன்றாவதுதான் இழுத்தடிக்கும், அதுவும் குளிரில். லாகர் பீர் 8 முதல் 15 டிகிரிக்குள் புளிக்கிறது. ஆகவே சர்க்கரை தீர்ந்து, எத்தனால் வந்து, வேலை முடிந்த பிறகும் இந்த ஒரு வாடைக்காகவே தொட்டி காத்துக் கிடக்க வேண்டும். கடைசி நாட்களில் தொட்டியைக் கொஞ்சம் சூடாக்கி விரைவுபடுத்துவது உண்டு. அப்படியும் நாட்கள் போகும். அவசரப்பட்டு வடிகட்டினால், மிச்சமிருக்கும் அசிட்டோலாக்டேட் புட்டிக்குள் போய் டையசெட்டைலாகும். அங்கே அதை இழுத்துக்கொள்ள ஈஸ்ட் இருக்காது. கடைக்கு வந்த பிறகு வாடை கிளம்பினால் ஆலையால் ஒன்றும் செய்ய முடியாது.

பீர் ஆலையில் மிகப் பெரிய முதலீடு தொட்டிகள்தான். ஒரு தொட்டி ஒரு வாரம் சும்மா நிற்பது, ரப்பர் பால் நிரம்பிய வாளியை ஏற்ற லாரி வராமல் நிற்கும் தோட்டத்துக்கு என்ன கணக்கோ அந்தக் கணக்கு.

இங்கே ஒரு குறுக்குவழி உண்டு. அசிட்டோலாக்டேட் டிகார்பாக்சிலேஸ் என்ற நொதி சில பாக்டீரியாக்களிடம் இருக்கிறது. அது மூன்றாவது, நான்காவது படிகளைத் தாண்டி, அசிட்டோலாக்டேட்டை நேராக வாசனையற்ற பொருளாக்கிவிடும். அதைப் பயன்படுத்த இரண்டு வழிகள். ஒன்று, நொதியை வாங்கித் தொட்டியில் ஊற்றுவது. மற்றொன்று, அந்த மரபணுவை ஈஸ்டுக்குள்ளேயே வைத்துவிடுவது. இரண்டாவது வழியை ஜப்பானிலும் பின்லாந்திலும் டென்மார்க்கிலும் 1980களின் கடைசியிலேயே ஆராய்ந்து, வேலை செய்கிறது என்று காட்டிவிட்டார்கள். கிடப்பில் கிடந்த அந்த யோசனையைத்தான் இப்போது அமெரிக்க ஈஸ்ட் நிறுவனங்கள் சில தூசு தட்டி எடுத்து விற்கின்றன.

புலனச் செய்திகளில் வராத ஒரு விவரம்: முதல் வழியில் ஊற்றும் நொதியும் மரபணு மாற்றிய பாக்டீரியாவைக் கொண்டுதான் பல காலமாகத் தயாராகிறது. ஒரு பாக்டீரியாவின் மரபணுவை இன்னொரு பாக்டீரியாவில் வைத்து வளர்த்து, நொதியை மட்டும் பிரித்தெடுக்கிறார்கள். அதாவது மரபணு மாற்றம் பீர் ஆலையின் வாசலுக்கு எப்போதோ வந்துவிட்டது. இப்போதைய கேள்வி அதைத் தொட்டிக்குள் விடலாமா என்பது மட்டுமே.

## வேறு என்னென்ன செய்கிறார்கள்

ஹாப் வாசனை. ஹாப் கொடிக்குத் தண்ணீர் ஏராளம் வேண்டும், விலையும் கூடுதல். 2018இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் புதினா இனத்திலிருந்தும் துளசி இனத்திலிருந்தும் எடுத்த மரபணுக்களை ஈஸ்டில் வைத்து, ஹாப் பூவின் வாசனைப் பொருட்களான லினலூல், ஜெரானியோல் இரண்டையும் ஈஸ்டே உண்டாக்கும்படி செய்தார்கள். அந்த பீரைச் சுவைத்தவர்கள், ஹாப் சேர்த்த வழக்கமான பீரைவிட இதில்தான் ஹாப் வாசனை கூடுதல் என்றார்கள்.

புளிப்பு. புளிப்பு பீருக்கு லாக்டிக் பாக்டீரியாவை ஆலைக்குள் விட வேண்டும்; அது மற்ற பீரிலும் தொற்றிக்கொள்ளும் என்ற பயம் எல்லா ஆலைகளுக்கும் உண்டு. லாக்டிக் அமிலத்தைத் தானே உண்டாக்கும் மரபணு மாற்றிய ஈஸ்ட் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்திருக்கிறது.

உயரமான தொட்டி. இது எதிர்பாராத கோணம். நவீன ஆலைகளின் மூடிய தொட்டிகள் பல மாடி உயரம். அடியில் கரியமில வாயுவின் அழுத்தம் கூடி, ஈஸ்ட் வாழைப்பழ வாசனையை வெளியிடாமல் சுணங்கிப்போகிறது. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தினர் அழுத்தத்தைப் பொருட்படுத்தாத ஒரு வகையைத் தேடிப் பிடித்து, அதன் திறனுக்கு முக்கியக் காரணம் ஒரே ஒரு மரபணுவிலுள்ள சிறு மாற்றம் என்று 2022இல் காட்டினார்கள். அதே மாற்றத்தை கிரிஸ்பர் மூலம் மற்ற பீர் ஈஸ்டில் வைக்கலாம். வெளி உயிரின் மரபணு எதுவும் இதில் இல்லை.

அப்புறம், மிஞ்சும் மாவுச்சத்து. மால்ட் நீரிலுள்ள மாவுச்சத்துத் துண்டுகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை ஈஸ்டால் தின்ன முடியாது. பீரின் கெட்டித்தன்மையும் தொப்பைக்கான கலோரியும் அதில் இருக்கின்றன. ஈஸ்டின் நெருங்கிய உறவினரான டயஸ்டாட்டிகஸ் அதைத் தின்னும். அதன் மரபணுவை பீர் ஈஸ்டில் வைத்துப் பிரிட்டனின் ஆய்வு நிலையம் ஒன்று உருவாக்கிய ஈஸ்டுக்கு 1994இல் அரசு அனுமதி கிடைத்தது. உலகில் அனுமதி பெற்ற முதல் மரபணு மாற்றிய பீர் ஈஸ்ட் அதுதான். சோதனைக்காக பீரும் காய்ச்சினார்கள். ஆனால் கடைக்கு வரவே இல்லை. குடிப்பவர்கள் முகம் சுளிப்பார்களோ என்று எந்த ஆலையும் முதலாவதாக இறங்க விரும்பவில்லை. தொழில்நுட்பம் தயாராகி முப்பது ஆண்டு ஆகியும் பெரிய ஆலைகள் ஒதுங்கியே நிற்பதற்கு அறிவியலைவிட இந்தத் தயக்கமே பெரிய காரணம்.

## ‘சீக்கிரம் ஏறுகிறது’ என்பது சரியா?

இல்லை. பீரில் எத்தனால் எவ்வளவு என்பதை முடிவு செய்வது, தொடக்கத்தில் கரைந்திருந்த சர்க்கரையின் அளவு. ஈஸ்ட் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் இல்லாத சர்க்கரையிலிருந்து எத்தனாலை எடுக்க முடியாது. 1994 ஈஸ்ட் மாதிரி மிச்ச மாவுச்சத்தையும் தின்னும் வகையில் அளவு கொஞ்சம் கூடும். அப்போது தண்ணீர் சேர்த்துப் பழைய அளவுக்குக் கொண்டுவருவார்கள், இல்லாவிட்டால் டின்னில் அச்சிட்ட விழுக்காடு பொய்யாகிவிடும். வெயிலில் வேலை முடித்து வெறும் வயிற்றில் குடித்தால் எந்த பீரும் சீக்கிரம் ஏறும். அதற்கு ஈஸ்ட் பொறுப்பில்லை.

## குடிப்பவர் உடம்பில் மரபணு மாறுமா?

மாறாது. சோற்றிலும் மீனிலும் கீரையிலும் அவற்றின் மரபணு இருக்கிறது. தினமும் அதைத் தின்று செரித்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஈஸ்டின் மரபணுவும் அதே வழியில் போகும், அது புதினாவிலிருந்து வந்த மரபணுவாக இருந்தாலும். தவிர, டின்னில் வரும் பீர் வடிகட்டி, சூடுகாட்டப்பட்டது. உயிருள்ள ஈஸ்ட் அதில் இருக்காது. வடிகட்டாமல் விற்கும் கலங்கலான பீரில் மட்டும் ஈஸ்ட் குவளைவரை வரும்.

பாதுகாப்பில் கேட்க வேண்டிய நியாயமான கேள்வி வேறு: புதிய மரபணுவால் ஈஸ்ட் புதிதாக எந்தப் பொருளை உண்டாக்குகிறது, அது உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா, ஒவ்வாமை தருமா? டையசெட்டைலைத் தவிர்க்கும் ஈஸ்டில் முடிவுப்பொருள் ஏற்கெனவே எல்லா பீரிலும் இருப்பதுதான். லினலூல் துளசியிலும் கொத்தமல்லி விதையிலும் இருப்பது. நாளை யாராவது அதுவரை உணவிலேயே இல்லாத பொருளை ஈஸ்டில் உண்டாக்கினால், அப்போது பதில் வேறாக இருக்கலாம். ஒவ்வொன்றையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

மரபணு மாற்றிய ஈஸ்டோடு நம் ஊருக்குள்ள உறவு பீரில் தொடங்கவும் இல்லை. ஹெப்படைடிஸ் பி தடுப்பூசி 1986 முதல் ஈஸ்டில்தான் தயாராகிறது. மலேசியாவில் பிறக்கும் குழந்தைகளுக்கு 1989 முதல் ஹெப்படைடிஸ் பி ஊசி போடுகிறார்கள். நீரிழிவு இந்நாட்டு மூன்று பெரிய இனங்களில் இந்தியரிடையேதான் அதிகம். தோட்டப்புறத்து வீடுகளில் குளிர்பெட்டியின் கதவில் இன்சுலின் இருப்பது சர்வசாதாரணம். அந்த இன்சுலினில் ஒரு பகுதி பேக்கரி ஈஸ்டிலிருந்தும், ஜொகூர் இஸ்கந்தர் புத்திரியில் இருக்கும் ஆலையில் பிக்கியா என்ற இன்னொரு ஈஸ்டிலிருந்தும் வருவது. மருந்துக்குக் கேள்வி கேட்காமல் பீருக்கு மட்டும் பதறுவதில் ஒரு முரண் இருக்கிறது. மருந்து உயிருக்குத் தேவை, பீர் தேவையில்லை என்று யாராவது பதில் சொன்னால், அது மறுக்க முடியாத பதில்.

பீரில் நிரூபணமான ஆபத்து எது என்று கேட்டால், அது எத்தனால்தான். மதுபானத்தை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1988லேயே முதல் வகைப் புற்றுநோய்க் காரணிகளில் சேர்த்துவிட்டது. எந்த ஈஸ்ட் உண்டாக்கினாலும் எத்தனால் ஒன்றுதான்.

## மலேசியச் சட்டம் என்ன சொல்கிறது

உயிரியல் பாதுகாப்புச் சட்டம் 2007இல் நிறைவேறி, 2009 டிசம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. பீர் ஈஸ்டுக்கு அது எப்படிப் பொருந்தும் என்று மூன்று நிலைகளில் பார்க்கலாம்.

1. ஆலை ஒன்று மரபணு மாற்றிய உயிருள்ள ஈஸ்டை இறக்குமதி செய்து வெளிச்சூழலில் விடும் வகையில் பயன்படுத்த விரும்பினால், தேசிய உயிரியல் பாதுகாப்பு வாரியத்தின் முன் அனுமதி வேண்டும். மூடிய ஆய்வுக்கூடத்துக்குள் மட்டும் என்றால் வாரியத்துக்கு முறைப்படி அறிவிக்க வேண்டும். கழிவுநீரோடு ஈஸ்ட் வெளியே போகுமா, மிஞ்சிய ஈஸ்ட் கால்நடைத் தீவனமாகப் போகுமா என்பதெல்லாம் இங்கேதான் கேள்வியாகும். வாரியத்தின் முடிவுகள் இணையத்தில் வெளியிடப்படுகின்றன. ஆகவே ‘ரகசியமாகப் போடுகிறார்கள்’ என்று பரப்புமுன் அங்கே போய்த் தேடிப் பார்க்கலாம்.

2. ஈஸ்ட் வெளிநாட்டிலேயே வேலையை முடித்துவிட்டு, வடிகட்டிய பீர் மட்டும் இங்கே வந்தால்? அதில் உயிருள்ள எதுவும் இல்லை. ஆனால் நம் சட்டம் மாற்றிய உயிரினத்திலிருந்து வரும் பொருட்களையும் தொடுகிறது: மாற்றிய மரபணு அதில் கண்டறியும் அளவில் இருந்தாலோ, வழக்கமான பொருளிலிருந்து அதன் தன்மை மாறியிருந்தாலோ அதுவும் வரம்புக்குள் வரும். வடிகட்டிய பீரில் ஈஸ்டின் மரபணுத் துணுக்குகள் எவ்வளவு மிஞ்சும் என்பது வடிகட்டும் முறையைப் பொறுத்தது. விவாதம் வரப்போவது இந்த இடத்தில்தான்.

3. லேபிள். மரபணு மாற்றிய உணவுப் பொருளை லேபிளில் குறிப்பிட வேண்டும் என்று உணவு விதிமுறைகள் கூறுகின்றன. ஆனால் பீருக்கு ஈஸ்ட் மூலப்பொருளா, அல்லது வேலை முடிந்ததும் அகற்றப்படும் உதவிப்பொருளா? ஐரோப்பிய ஒன்றியம் இந்த வேறுபாட்டை வெளிப்படையாகவே பார்க்கிறது. மாற்றிய உயிரிலிருந்து எடுத்த உணவுக்கு லேபிள் வேண்டும், அதை உதவிக்கு மட்டும் பயன்படுத்திய உணவுக்கு வேண்டாம். இன்னொரு பக்கம், கிரிஸ்பர் போன்ற முறைகளில் திருத்தியதும் மரபணு மாற்றமே என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2018 ஜூலையில் தீர்ப்பளித்தது.

இந்த மூன்றில் மூன்றாவதைப் பற்றித்தான் சத்தம் போட வேண்டும். ஆபத்து இருக்கிறதோ இல்லையோ, காசு கொடுத்து வாங்குபவருக்கு எப்படித் தயாரானது என்று தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு. ‘உதவிப்பொருள்’ என்ற பெயரில் அந்த உரிமையை நழுவவிடுவது ஆலைகளுக்கு வசதி. வாங்குபவருக்கு வசதி இல்லை. சொல்லாமல் மறைப்பதுதான் புலன வதந்திக்குத் தீனியும் போடுகிறது.

## சம்சு மரணத்துக்கும் ஈஸ்டுக்கும் தொடர்பு இல்லை

2018 செப்டம்பரில் சிலாங்கூர், கோலாலம்பூர் பகுதிகளில் நச்சு மது குடித்துப் பலர் உயிரிழந்தார்கள். காரணம் மெத்தனால். ஈஸ்ட் உண்டாக்குவது எத்தனால். இரண்டும் பார்வைக்கும் வாசனைக்கும் கிட்டத்தட்ட ஒன்று. உடம்புக்குள் போனால் நிலைமை வேறு. மெத்தனாலை ஈரல் ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. அது கண் நரம்பைத் தாக்குகிறது, ரத்தத்தை அமிலமாக்குகிறது. 10 மில்லிலிட்டர் அளவே பார்வையைப் பறிக்கப் போதும்.

தானியத்தில் புளிக்கும் பீரில் மெத்தனால் பொருட்படுத்த வேண்டிய அளவில் உண்டாவதில்லை. பழங்களிலுள்ள பெக்டின் சிதையும்போது சிறிதளவு வரும், அதுவும் கொல்லும் அளவு இல்லை. ஆளைக் கொல்லும் அளவுக்கு மெத்தனால் ஒரு புட்டியில் இருக்கிறது என்றால், தொழிற்சாலை மெத்தனாலை யாரோ கலந்திருக்கிறார்கள் என்று பொருள். வரி கட்டாத, முத்திரை இல்லாத, வழக்கமான விலையில் பாதிக்குக் கிடைக்கும் புட்டிதான் ஆபத்து; அதன் மேல் பிரபல பீரின் பெயரே ஒட்டியிருந்தாலும் சரி. குடித்து பல மணி நேரம் கழித்துக் கண் மங்கினால், வயிறு பிசைந்தால், மூச்சு வாங்கினால் ‘தலைவலிதான், தூங்கினால் சரியாகும்’ என்று படுக்கவிடக் கூடாது. உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். நேரத்தோடு போனால் நச்சுமுறிவு மருந்தும் ரத்தச் சுத்திகரிப்பும் உயிரைக் காப்பாற்றும்.

தோட்ட மக்களுக்கு மதுவால் வந்த கேடு பழைய கதை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதையும் கோரிக்கைகளில் ஒன்றாக வைத்தார்கள். கள்ளுக்கடைகள் போன இடத்தைச் சம்சு பிடித்துக்கொண்டது. இந்த வரலாற்றில் எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் ஈஸ்டின் மரபணு குற்றவாளியாக வராது.

## விலை குறையுமா?

தொட்டியில் சில நாள் மிச்சமானால் ஆலைக்குச் செலவு குறையும். கடை விலையில் அது தெரிய வாய்ப்பு மிகக் குறைவு. மலேசியாவில் பீரின் விலையில் ஒரு பெரிய பகுதி தீர்வை. 2016 மார்ச்சில் வந்த முறைப்படி, தூய ஆல்கஹால் லிட்டருக்கு 175 வெள்ளி (ரிங்கிட்) என்று இருந்தது; 2025 நவம்பரில் அது உயர்ந்தது. 320 மில்லி டின்னில் 5 விழுக்காடு என்றால் 16 மில்லி ஆல்கஹால். பழைய கணக்கிலேயே தீர்வை மட்டும் 2 வெள்ளி 80 சென். விற்பனை வரி தனி. மால்ட், ஹாப், ஈஸ்ட், தொட்டி, மின்சாரம் எல்லாம் அதற்கு மேல்தான் வருகின்றன. ஈஸ்ட் எவ்வளவு வேகமாக வேலை செய்தாலும் ஆல்கஹாலின் அளவு மாறாதவரை அந்தத் தீர்வை மாறப்போவதில்லை. மிச்சமாகும் சில காசும் ஆலையின் கணக்கிலேயே நின்றுவிடும்.